பள்ளத்துக்கு ஓர் ஆள்

பழங்காநத்தம்,
9 ஜூன் 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

பீமாராவ் எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? நீங்கள் பிரஷர் மாத்திரை ஒழுங்காகப் போடுகிறீர்களா என்று உங்களிடம் கேட்டால் உண்மை வராது. அம்மாவிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று நினைப்பீர்கள். வீட்டில் இருப்பதே ஒரு போன். அதில் என் நம்பரை நீங்கள் முடக்கிவைத்து மாதக்கணக்காகிறது. தபால்காரரை முடக்க முடியாதல்லவா, அதனால்தான் இந்த வழி.

சென்னைக் கம்பெனி வேலையை நான் விட்ட கோபம் உங்களுக்கு இன்னும் ஆறவில்லை என்று தெரியும். "பி.இ. படிச்சுப்புட்டு மண்ணு அள்ளப் போறியாடா?" என்று கேட்டுவிட்டுத்தான் போனை வைத்தீர்கள். ஆமாம், மண்தான் அள்ளுகிறேன். காளையண்ணனும் நானும் சேர்ந்து வாங்கிய பழைய ஜேசிபி இங்கே பழங்காநத்தம் ரோட்டோரத்தில்தான் நிற்கிறது. அண்ணன் திருமங்கலத்துக்காரர், தொழில் தெரிந்தவர். வீட்டு அஸ்திவாரம், செப்டிக் டேங்க் குழி, கண்மாய்க் கரை என்று யார் கூப்பிட்டாலும் போகிறோம். வேலை இருக்குமா போகுமா என்று வெள்ளிக்கிழமைதோறும் பயந்துகொண்டு ஏசி அறையில் உட்கார்ந்திருந்ததைவிட இது எனக்கு ஒத்துவருகிறது.

போன வியாழக்கிழமை நம் ஊரிலேயே ஒரு சின்ன வேலை. அடுத்து சமயநல்லூரில் ஒருவர் காத்துக்கொண்டிருந்தார், அதனால் வீட்டுக்கு வர முடியவில்லை. அம்மாவைக் கோபித்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்லுங்கள்.

இன்னொன்று. நான் இன்னும் சென்னையில் எஞ்சினியராக இருப்பதாகத்தான் ஊரில் சொல்லிக்கொண்டிருக்கிறீர்களாம். பக்கத்து வீட்டுப் பாண்டிராஜ் போனில் சொன்னான். வேண்டாம் அப்பா. நான் திருடப் போகவில்லை.

அம்மாவுக்கு என் அன்பு.

உங்கள் மகன்,
பீமாராவ்


சேந்தங்கரை,
17 ஜூன் 2024

மகன் பீமாராவுக்குச் சின்னான் எழுதுவது.

உன் அம்மாவின் கால் அப்படியே இருக்கிறது. மாத்திரை போடுகிறேன். நீயும் உடம்பைப் பார்த்துக்கொள்.

வீட்டுக்கு வர நேரமில்லை என்று எழுதியிருக்கிறாய். மேலத்தெரு இடுகாட்டுக்கு வர மட்டும் நேரம் இருந்திருக்கிறது. அந்தச் 'சின்ன வேலை' என்ன என்று நீ எழுதவில்லை. தேவையும் இல்லை. நீ வண்டியைத் திருப்புவதற்கு முன்பே டீக்கடைக்காரர் என்னிடம் கேட்டுவிட்டார்: "சின்னான், ஒம் மகன் மெட்ராஸ்லருந்து எப்ப வந்தான்? பேயாண்டிக்குப் பள்ளம் தோண்டிக்கிட்டு இருக்கானாம்ல?" பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்கள். நான் டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

உனக்குத் தெரியாததல்ல. இருந்தாலும் எழுதுகிறேன், ஏனென்றால் நீ மறந்துவிட்டாய். மேலத்தெருவில் ஒரு சாவு விழுந்தால் நம் தெருவிலிருந்து ஒருவன் போய்ப் பள்ளம் தோண்ட வேண்டும் என்பது இந்த ஊரின் வழக்கம். கேட்க மாட்டார்கள், ஆள் விட்டுச் சொல்வார்கள். காய்ச்சலில் கிடந்தாலும் போக வேண்டும். கூலி என்று கிடையாது, அவர்கள் கொடுப்பதை வாங்கிக்கொள்ள வேண்டும். என் அப்பா தோண்டினார். நானும் தோண்டியிருக்கிறேன். நீ உன் அம்மா வயிற்றில் இருந்தபோது ஒரு நாள் ஆள் வந்தது. நான் வர முடியாது என்றேன். என்னைப் பார்த்துத் தெருவே வர முடியாது என்றது. அதன்பிறகு பல வருடம் யாரும் எங்களை வயலில் இறக்கவில்லை, கடையில் சாமான் கொடுக்கவில்லை. தெருவே டவுனுக்கு நடந்துபோய் மூட்டை தூக்கியது. அப்புறம் எனக்குப் பரவை மார்க்கெட்டில் வேலை நிலைத்தது. அந்த மூட்டைகளில்தான் நீ படித்தாய். உனக்கு அந்தப் பெயரை வைத்தபோது மேலத்தெருவில் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று இருந்தேன்.

அன்றிலிருந்து இன்றுவரை நம் தெருவில் ஒருவரும் அவர்கள் பிணத்துக்கு மண் தொட்டதில்லை. வெளியூரிலிருந்து ஆள் கூட்டிவந்தார்கள், பிறகு வாடிப்பட்டியிலிருந்து வண்டி வரவழைத்தார்கள். இப்போது நீ வந்து தோண்டிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாய்.

இதற்கு மேல் எழுதினால் தப்பாக ஏதாவது எழுதிவிடுவேன்.

சின்னான்


பழங்காநத்தம்,
25 ஜூன் 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். உங்கள் கடிதத்தைக் காளையண்ணனுக்குத் தெரியாமல் வண்டிக்குள் உட்கார்ந்து படித்தேன்.

நான் பிணக்குழி வெட்டப் போகவில்லை அப்பா. வாடகைக்குப் போனேன். மேலத்தெரு நல்லகாமன் மகன் ராம்கி பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன் என்பது உங்களுக்குத் தெரியும். அவன்தான் போன் பண்ணினான். "மாப்ள, பேயாண்டிப் பெரியப்பா எறந்துட்டாரு. ஒரு பள்ளம் எடுக்கணும், வண்டிய எடுத்துட்டு வாரியா?" என்றான். ஆள் விட்டுச் சொல்லவில்லை, கேட்டான். மணிக்கு இவ்வளவு என்று எல்லோருக்கும் சொல்வதைத்தான் அவனுக்கும் சொன்னேன். மண்வெட்டியோடு போய் நிற்பதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லையா? என் தலைக்கு மேலே ஒரு மின்விசிறி ஓடுகிறது. லீவரை இழுத்தால் பக்கெட் போய் அள்ளுகிறது. செப்டிக் டேங்குக்கு எடுக்கும் பள்ளமும் அதே பள்ளம்தான், மண்ணுக்கு என்ன தெரியும்?

உங்களுக்கு உண்மையில் எது வலிக்கிறது என்று கேட்கட்டுமா? மேலத்தெருவுக்குத் தோண்டியதா, அல்லது டீக்கடையில் நான் எஞ்சினியர் இல்லை என்று தெரிந்துபோனதா? மார்க்கெட்டில் அத்தனை வருடம் மூட்டை தூக்கியவர் நீங்கள். ஆனால் உடம்பு அசைத்துச் செய்யும் வேலை என்றால் கேவலம் என்று மேலத்தெருக்காரன் எந்தக் கண்ணால் பார்க்கிறானோ அதே கண்ணால்தான் நீங்களும் என்னைப் பார்க்கிறீர்கள். இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள். மற்றதை விட்டுவிடுங்கள்.

அம்மா முழங்காலுக்குத் தைலம் வாங்கிவைத்திருக்கிறேன். பாண்டிராஜ் டவுனுக்கு வந்தால் கொடுத்துவிடுகிறேன்.

பீமாராவ்


சேந்தங்கரை,
28 ஜூலை 2024

தம்பி பீமா, அம்மா சொல்லச் சொல்ல பாண்டிராஜ் எழுதுறான்.

நல்லாருக்கியாய்யா? நேரத்துக்குச் சாப்புடுறியா? தைலம் வந்துச்சு, தடவுனேன், கொஞ்சம் தேவலை. நீ எழுதுன காயிதத்துக்கு அப்பா பதிலு போடலைன்னு நெனைக்காத. படிச்சாரு. மறுபடி மறுபடி படிச்சாரு. மடிச்சுப் பெட்டிக்குள்ள வச்சுட்டு வெளிய போனவரு பொழுது சாயத்தேன் வந்தாரு. எங்க போனீகன்னு கேட்டதுக்குக் கண்மாய்ப் பக்கம்னாரு. இப்பச் சோறும் அம்புட்டா எறங்க மாட்டேங்குது அவருக்கு. டீக்கடைக்கும் போறதில்ல.

நான் களையெடுக்கப் போறதில்ல இப்ப. கால் வலிக்குதுல்ல, அதேன். வேற ஒன்னுமில்ல. நீ ஊருக்கு வாரேன்னு கெளம்பி வந்துராத, இப்ப வேணாம். ஒனக்கு வேலை கெடக்கும்ல. மாரியாத்தா ஒன்னையப் பாத்துக்கிருவா.

அம்மா சுந்தரம்மாள்

அண்ணே, இதற்குக் கீழே நான் எழுதுவது பெரியம்மாவுக்குத் தெரியாது. தபால் போடப் போகும் வழியில் நின்று எழுதுகிறேன்.

இந்த மாதம் மேலத்தெருவில் இன்னொரு சாவு. ராம்கியின் சித்தப்பா விருமாண்டி நாலைந்து பேரோடு நேராக நம் தெருவுக்குள் வந்து என் வீட்டு வாசலில் நின்றார். "சின்னான் மகனே வந்து தோண்டிட்டுப் போனான், ஒனக்கென்னடா? மம்பட்டிய எடுத்துக்கிட்டு வா" என்றார். நான் காம்பெடிடிவ் எக்ஸாமுக்குப் படித்துக்கொண்டிருந்த புத்தகம் கையிலேயே இருந்தது. வர முடியாது என்றேன். அடிக்கவில்லை. வாசலில் நின்ற என் பைக்கைத் தள்ளிக்கொண்டுபோய் வாய்க்காலில் இறக்கினார்கள். மறுநாளிலிருந்து பெரியம்மா உட்பட நம் தெருப் பெண்கள் யாரையும் அவர்கள் காட்டில் வேலைக்கு எடுக்கவில்லை. முழங்கால் வலி எல்லாம் சும்மா.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நீ சின்னான் பெரியப்பாவுக்கு எழுதியது எனக்கும் தெரியும், அவர்தான் படிக்கக் கொடுத்தார். மின்விசிறி, லீவர் என்று எழுதியிருந்தாய். நீ பள்ளத்துக்குள் இறங்கி மண்வெட்டி பிடித்து நின்றதை மேலத்தெருப் பையன் ஒருவன் வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்திருந்தான். எங்கள் எல்லோருடைய போனுக்கும் வந்தது. பெரியப்பா அதைப் பார்த்த பிறகுதான் உனக்கு முதல் கடிதமே எழுதினார்.

பாண்டிராஜ்


பழங்காநத்தம்,
5 ஆகஸ்ட் 2024

அப்பாவுக்கு,

எல்லாம் தெரிந்துகொண்டே ஒரு வார்த்தை கேட்காமல் இருந்திருக்கிறீர்கள். கேட்டிருக்கலாம். திட்டியிருக்கலாம். ஊர் பார்த்ததை நீங்கள் பார்க்காத மாதிரி எழுதியதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வீடியோவில் இருப்பது பாதிதான். மீதியை நான் சொல்கிறேன். பக்கெட் எடுக்கும் பள்ளத்தில் மூலை சதுரமாக வராது, உருண்டையாகத்தான் இருக்கும். வண்டியை அணைத்துவிட்டு இறங்கப் போனேன். விருமாண்டி, "மூலையைச் செதுக்கி விட்டுட்டுப் போடா" என்று ஒரு மண்வெட்டியை என் காலடியில் போட்டார். அங்கே மேலத்தெரு இளவட்டங்கள் அத்தனை பேர் சும்மாதான் நின்றார்கள். நான் ராம்கியைப் பார்த்தேன். போனில் மாப்ள மாப்ள என்றவன், தலையைக் குனிந்து அதே போனை நோண்டிக்கொண்டிருந்தான். ஒரு நிமிடம் முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சாவு வீடு, எல்லோரும் பார்க்கிறார்கள், நாலு வெட்டு வெட்டினால் முடிந்தது என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டு இறங்கினேன். இறங்கிய பிறகு மேலே ஏறுவதற்கு யாரும் கை கொடுக்கவில்லை.

வாடகையை ராம்கி போனில் அனுப்புவதாகத்தான் பேச்சு. விருமாண்டி, "துண்டை விரி" என்றார். தோளில் கிடந்த துண்டை எடுத்து விரித்தேன். கையில் கொடுக்காமல் அதில் போட்டார்கள். தொகை சரியாகத்தான் இருந்தது, குறைக்கவில்லை.

அசிங்கமாக இருந்தது அப்பா. நான் மறைத்தது அதனால்தான். சமயநல்லூரில் யாரும் எனக்காகக் காத்திருக்கவில்லை. வைகைக் கரையில் வண்டியை நிறுத்தி அந்தத் துண்டைத் துவைத்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் இதையும் எழுதாமல் இருக்க முடியவில்லை. எனக்கு அவமானம் மண்வெட்டியால் வரவில்லை. மறுநாளே கோரிப்பாளையத்தில் ஒரு பாய் வீட்டுக்குக் குழாய்ப் பள்ளம் எடுத்தேன். அங்கேயும் வண்டி நுழையாத சந்தில் இறங்கி மண்வெட்டி பிடித்தேன். அவர் வீட்டம்மா மோர் கொடுத்தார்கள், பாய் என் கையிலேயே பணம் கொடுத்து 'நல்லா செஞ்சீங்க தம்பி' என்றார். அதே மண்வெட்டி, அதே கை. அங்கே எனக்கு ஒன்றும் குறையவில்லை. போன கடிதத்தில் கேட்டதற்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.

பாண்டிராஜின் பைக்கைச் சரிபண்ண நான் ஏற்பாடு செய்கிறேன். அம்மா வேலை போனதற்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. அவளிடம் எனக்குத் தெரியும் என்று சொல்ல வேண்டாம்.

பீமாராவ்


சேந்தங்கரை,
16 ஆகஸ்ட் 2024

பீமாராவுக்கு,

இங்கே அனைவரும் இருக்கிறோம். உன் அம்மாவிடம் சொல்லவில்லை. அவளும் உனக்கு எதுவும் தெரியாது என்று நினைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கிறாள்.

துண்டு விஷயம் எனக்குத் தெரியாது. அது வீடியோவில் இல்லை. அதை நீ எழுதாமல் இருந்திருந்தாலும் பரவாயில்லை.

ஒன்று சொல்கிறேன், யோசித்துப் பார். வாடிப்பட்டி வண்டிக்காரனுக்கு அவர்கள் இடுகாட்டில் நாலு பள்ளம் எடுத்துப் பழக்கம் உண்டு. பக்கத்திலிருந்து வருவதால் வாடகையும் குறைவு. அவனை விட்டுவிட்டு மதுரையிலிருந்து உன்னை ஏன் கூப்பிட்டார்கள்? சிநேகிதம் என்பாய். அவர்களுக்குத் தேவை பள்ளம் இல்லை. இன்னார் வீட்டுப் பிள்ளை வந்து தோண்டினான் என்ற பேச்சு. அன்று ஆள் விட்டும் வராத வீட்டிலிருந்து இன்று வண்டியோடு வந்துவிட்டான் என்று விருமாண்டி இப்போது ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார்.

நம்பாவிட்டால் சோதித்துப் பார். நல்லகாமன் படுத்த படுக்கையாகிவிட்டார். டாக்டர் கைவிட்டுவிட்டதாகப் பேச்சு. எப்படியும் ராம்கி உன்னிடம் வருவான். 'வண்டியை அனுப்புகிறேன், காளையண்ணன் ஓட்டிவருவார்' என்று சொல். என்ன சொல்கிறான் பார்.

இப்போது ஊர்ப்பக்கம் வராதே. நீ கேட்ட மற்றதற்குப் பிறகு எழுதுகிறேன்.

சின்னான்


பழங்காநத்தம்,
8 செப்டம்பர் 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். அம்மாவுக்கு வேறு வேலை ஏதாவது கிடைத்ததா? இங்கே வந்து என்னோடு கொஞ்ச நாள் இருக்கச் சொல்லுங்களேன்.

நீங்கள் சொன்னபடியே நடந்தது. ராம்கி நேற்று இங்கே வண்டி நிற்கும் இடத்துக்கே வந்தான். நல்லகாமன் இன்னும் சில நாள்தான் என்று சொல்லும்போது அவன் கண் கலங்கியது. எனக்கும் மனசு இளகிவிட்டது, பொய் சொல்ல மாட்டேன். டீ சொன்னேன். பிறகு அவனே ஆரம்பித்தான்.

"மாப்ள, அப்பாவுக்கு ஒன்னு ஆச்சுன்னா நீ வந்துருடா."

"வண்டி வரும்டா. காளையண்ணன் ஓட்டிட்டு வருவாரு. என்னையவிட நல்லா எடுப்பாரு. வாடகைகூட வேணாம்னு வச்சுக்கோ."

"இல்லடா, நீ வா."

"அவரு வந்தா என்ன? பள்ளம் பள்ளந்தேனடா?"

டம்ளரைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே இருந்தான். "சித்தப்பா ஆளுகல்லாம் ஒன்னையத்தேன் சொல்றாங்க மாப்ள. போன தடவை சின்னான் மகன் எடுத்தான், இதுக்கும் அவந்தேன் எடுக்கணும்னு. நான் எப்புடி இல்லைன்னு சொல்றது? எனக்காக வாடா."

"அன்னைக்கு மம்பட்டியத் தூக்கிப் போட்டாகளே, எனக்காக நீ ஒரு வார்த்தை சொன்னியாடா?"

டீக்குக் காசு அவனே கொடுத்துவிட்டுப் போனான். பிறகு வேலை செய்ய முடியவில்லை, காளையண்ணனிடம் வண்டியைக் கொடுத்துவிட்டு அறையில் வந்து படுத்துவிட்டேன்.

நான் போக மாட்டேன். இதில் நீங்கள் சொன்னதுதான் சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நான் போகாமல் இருந்தால் மட்டும் போதாது. அவர்கள் உங்கள் வாசலுக்கு வருவார்கள். என் மகன் எஞ்சினியர், அவன் ஏன் இந்த வேலைக்கு வருகிறான் என்று நீங்கள் சொல்லி அனுப்பினால், நான் தினமும் செய்கிற வேலையே இழிவு என்று என் அப்பாவே ஊர் நடுவில் சொன்னதாக ஆகும். அப்படிச் சொல்லி நீங்கள் ஜெயிப்பதில் எனக்குச் சம்மதம் இல்லை. நான் என்ன வேலை செய்கிறேன் என்று உள்ளதைச் சொல்லுங்கள். அதைச் சொல்லிவிட்டு மறுத்துப் பேசுங்கள். உங்களால் முடியுமா?

பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

பீமாராவ்


பழங்காநத்தம்,
10 அக்டோபர் 2024

அப்பாவுக்கு,

அம்மாவும் நீங்களும் நலமா? ஒரு மாதமாகிறது, பதில் இல்லை. முடியும் முடியாது என்று இரண்டில் ஒன்றை எழுதக்கூட இவ்வளவு கஷ்டமா?

மழை பிடித்துக்கொண்டதால் வேலை குறைவு. சும்மா உட்கார்ந்தால் இதே நினைப்புத்தான் ஓடுகிறது. ராம்கியின் நம்பரிலிருந்து போன் வந்தால் இன்றுதானோ என்று தோன்றுகிறது. நேற்று வேறு எதற்கோ கூப்பிட்டான், இரண்டு தடவை அடிக்க விட்டுத்தான் எடுத்தேன்.

எழுதுங்கள்.

பீமாராவ்


பழங்காநத்தம்,
24 அக்டோபர் 2024

அப்பா,

நல்லகாமன் இறந்த செய்தி உங்களுக்கு எனக்கு முன்பே தெரிந்திருக்கும். இன்று காலையில் ராம்கி போன் பண்ணினான். முதலில் அழுதான். நானும் ஆறுதல் சொன்னேன். பிறகு "கெளம்பிட்டியா மாப்ள?" என்றான். "நான் வரமாட்டேன்டா. மாலை போட வேணும்னா வாரேன், பள்ளம் எடுக்க வரமாட்டேன்" என்றேன். அப்புறம் விருமாண்டி போனை வாங்கி, "ஒங்கப்பன் வாசல்ல போயி நிக்கிறேன், அப்ப வருவடா நீ" என்று சொல்லி வைத்துவிட்டார்.

உங்களுக்கு என்ன ஆகுமோ என்று உடனே கிளம்பிவிட்டேன். பாதி வழியில் பாண்டிராஜ் போன் பண்ணி, "அண்ணே, நீ வந்தா ஒன்னையக் கூட்டிக்கிட்டுப் போயிட்டம்னு ஆயிரும். வராத. பெரியப்பா சொல்லச் சொன்னாரு" என்றான். திரும்பிவிட்டேன். மத்தியானத்திலிருந்து அவனைக் கூப்பிடுகிறேன். "எல்லாரும் உசுரோட இருக்கம்ணே. என்ன நடந்துச்சுன்னு பெரியப்பாவே எழுதுவாரு" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டான்.

உங்கள் மேல் கை வைத்தார்களா? அம்மா எங்கே? என்னால் இருக்க முடியவில்லை. உடனே எழுதுங்கள்.

பீமா


சேந்தங்கரை,
27 அக்டோபர் 2024

அன்பு மகன் பீமாராவுக்கு அப்பா எழுதுவது.

நானும் உன் அம்மாவும் நலம். யாரும் யார்மேலும் கை வைக்கவில்லை. வைக்க வந்தார்கள், வைக்கவில்லை. நீ பயந்துகொண்டிருப்பாய் என்று தெரிந்தும் பாண்டிராஜைப் பேச விடவில்லை. நடந்ததை நானே சொல்ல வேண்டும் என்று இருந்தது.

விருமாண்டி பத்துப் பேரோடு வந்தார். ராம்கியும் வந்தான். எழவு வீட்டிலிருந்து அப்படியே எழுந்து வந்திருந்தான், சட்டைகூடப் போடவில்லை. தெரு முழுக்க வெளியே வந்துவிட்டது. விருமாண்டி என்னைப் பார்த்து, "சின்னான், ஒம் மகன் வரமாட்டேங்கிறான். நீ ஒரு வார்த்தை சொல்லு, வருவான்" என்றார். அவன் வரமாட்டேன் என்றால் வரமாட்டான் என்றேன்.

"ஊருக்கெல்லாம் எஞ்சினியரு எஞ்சினியருன்னியேப்பா. மதுரையில மண்ணு அள்ளுறவந்தேன? ஊரான் வீட்டுக் கக்கூசுக் குழியெல்லாம் தோண்டுறான். எங்களுக்குத் தோண்டுனா மட்டும் கொறஞ்சு போயிருவானோ?"

அவரோடு வந்தவர்கள் சிரித்தார்கள். நம் தெருவில் யாரும் நிமிரவில்லை. அந்த நேரத்தில் என் வாயில் முதலில் என்ன வந்தது தெரியுமா? 'அவன் படிச்சவன்யா, அவனப் போயி...' என்றுதான் வந்தது. உன் கடிதம் நினைவுக்கு வந்தது. உன் கேள்விக்கு இத்தனை நாள் நான் பதில் எழுதாததற்குக் காரணம் இதுதான். நீ சொன்னது உண்மை. மார்க்கெட்டில் மூட்டை தூக்கும்போதெல்லாம், இது என்னோடு போகட்டும் என்று நினைத்துத்தான் தூக்கினேன். நாளடைவில் வேலை மேலேயே வெறுப்பு வந்துவிட்டது. நீ மண்ணைத் தொட்டதும் என் மூட்டை எல்லாம் வீண் என்று தோன்றியது. இப்போதும் அந்தச் சென்னை வேலையை நீ விட்டது எனக்குப் பிடிக்கவில்லை, அதை மறைக்க மாட்டேன்.

ஆனால் அவரிடம் இப்படித்தான் சொன்னேன்: "ஆமா, மண்ணு அள்ளுறவந்தேன். ஜேசிபி ஓட்டுறான். எஞ்சினியருன்னு நாந்தேன் வெக்கப்பட்டுப் பொய் சொன்னேன். யாரு மரியாதையாக் கூப்புட்டாலும் போவான், கக்கூசுக் குழியும் தோண்டுவான், கூலிய கையில வாங்குவான். ஒங்களுக்கு மட்டும் தோண்ட மாட்டான். ஏன்னா நீங்க வேலைக்கு ஆளு கேக்கல, எங்கள்ல ஒரு ஆளைக் கேக்குறீக."

விருமாண்டி கையை ஓங்கிக்கொண்டு வந்தார். உன் அம்மா நடுவில் வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் பாண்டிராஜ், அப்புறம் ஒவ்வொருவராகத் தெருவே வந்து நின்றது. ராம்கிதான் அவர் கையைப் பிடித்தான். "விடுங்க சித்தப்பா, அங்க அப்பா கெடக்காரு" என்று சொல்லிவிட்டு அங்கேயே நின்று வாடிப்பட்டிக்குப் போன் போட்டான். அவர்கள் திரும்பிப் போன கொஞ்ச நேரத்தில் வண்டி வந்துவிட்டது. காலையிலேயே கூப்பிட்டிருந்தால் காலையிலேயே வந்திருக்கும். நல்லகாமன் உடம்பை ஈ மொய்க்க அவ்வளவு நேரம் போட்டுவைத்தார்கள். செத்துப்போனவரை நினைத்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

இதோடு முடியாது. காட்டு வேலை இல்லை என்பது நிச்சயம். டீக்கடையில் நேற்று எனக்கு டீ இல்லை என்று சொல்லிவிட்டார்கள். போலீசில் மனு கொடுத்திருக்கிறோம், பாண்டிராஜ் எழுதினான். உன் அம்மாவும் இன்னும் சிலரும் நாளையிலிருந்து பரவை மார்க்கெட்டில் காய் தரம் பிரிக்கப் போகிறார்கள். இந்த வயதில் அவளை மறுபடி பஸ் ஏற்றுவது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. அவளோ, "ஒரு பள்ளத்துக்கு இம்புட்டுப் பாடா?" என்று கேட்டுவிட்டு அவளே சிரிக்கிறாள்.

இப்போது உனக்கு ஒரு வேலை. மேலத்தெரு வரைக்கும் போட்ட தண்ணீர்க் குழாயை நம் தெருவுக்குப் போடாமல் பஞ்சாயத்து இழுத்தடிக்கிறது. பள்ளத்தை நாமே எடுத்து வைத்துவிட்டால் குழாய் பதிக்கிறோம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுத்துக்கொண்டு வா. பகலிலே வா. மேலத்தெரு வழியாகவே வா, ஊர் எல்லையில் நான் நிற்கிறேன், வண்டிக்கு முன்னால் நடந்து வருகிறேன். வண்டி நுழையாத இடத்தில் நானும் பாண்டிராஜும் மண்வெட்டி பிடிக்கிறோம், நீயும் இறங்கு.

தெருவில் எல்லோரும் போட்டு உன் வாடகையை எடுத்து வைத்திருக்கிறார்கள். நம்ம தெருதானே, சும்மா செய்கிறேன் என்று ஏதாவது சொன்னாயோ தெரியும் சேதி. என் அப்பா சும்மா செய்தார், நானும் சும்மா செய்தேன். நீ கை நீட்டிக் கூலியை வாங்கிக்கொள்ள வேண்டும்.

உன் அப்பா,
சின்னான்